கை பிரேக்

1931 மே 2

காலையில் துறைமுகத்திலிருந்து ஆயர் ஈத்தாமுக்கு ஒரு சவாரி, பிறகு ஜெலுத்தோங்குக்கு ஒன்று. என் வாடகைக் காரில் கியர் பெட்டியின் கத்தல் இரண்டு மூன்று நாளாகக் காணோம். தானாகவே சரியாகிவிட்டதா? நாளை குடும்பத்தோடு தண்ணீர்மலைக் கோயிலுக்கு. மீனாட்சியின் தம்பி பக்கிரிசாமியும் வருகிறான். எங்களோடு இருக்கும் பிள்ளை. என்னைவிட அவனுக்குத்தான் வண்டிமேல் ஆசை.

மே 3

வண்டி உருண்டுவிட்டது. பக்கிரிசாமியின் கால் — எழுத முடியவில்லை.

மே 4

கோயிலடிச் சரிவில் வண்டியை நிறுத்தினேன். கை பிரேக்கை இழுத்தேன். இறங்கி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைப்பதற்குள் பின்னால் மீனாட்சியின் குரல். திரும்பினால் வண்டி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. பைப்படியில் குனிந்து கால் கழுவிக்கொண்டிருந்தவனைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது.

மீனாட்சியின் சித்தப்பா ஆஸ்பத்திரி வாசலில் எல்லோர் முன்னாலும் சொன்னார், பிரேக் போட மறந்துட்டு இறங்கியிருக்கான் என்று. மீனாட்சி மறுத்துப் பேசவில்லை.

இழுத்தேனே. இழுத்தேன்ல?

மே 6

ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வயசு.

மே 7

மீனாட்சி சோறு வைக்கிறாள். பேசுவதில்லை.

மே 9

வண்டியை விற்றுவிடலாம் என்றுதான் கொட்டகையிலிருந்து எடுத்தேன். வாசலில் நிறுத்தி, எதற்கோ, கை பிரேக்கை முழுக்க இழுத்துவிட்டுப் பின்னாலிருந்து தள்ளினேன். வண்டி நகர்ந்தது. பிரேக் இழுத்த வண்டி, ஒற்றைக் கையால் தள்ளினால் நகருகிறது.

சாக்கை விரித்து அடியில் படுத்தேன். இந்த வண்டிக்குக் கை பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர் பெட்டிக்குப் பின்னால் ஓர் உருளையைத்தான் கவ்விப் பிடிக்கிறது. அந்த உருளை முழுக்க எண்ணெய். தடித்த கியர் எண்ணெய். வழுக்கிக்கொண்டு போகாமல் என்ன செய்யும்?

நான் இழுத்திருக்கிறேன்! அடியில் கிடந்தபடியே அழுதேன்.

மே 10

எண்ணெய் எங்கிருந்து வருகிறது? மண்ணெண்ணெய் விட்டு எல்லாவற்றையும் துடைத்தேன். அரிசி மாவைத் தூவிவிட்டுக் காத்திருந்தேன். சொட்டுக்கூட இல்லை. பிறகு கால் பிரேக்கை நம்பி ஜெலுத்தோங் வரை மெதுவாக ஓட்டிவிட்டு வந்து பார்த்தேன். சூட்டில் எண்ணெய் இளகி, கியர் பெட்டியின் பின்பக்கம், தண்டு வெளியே வரும் இடத்தில் மாவை நனைத்திருந்தது. மீனாட்சி வாசற்படியில் நின்று பார்த்தாள். நான் கூப்பிடவில்லை. அவளே வந்து குனிந்து பார்த்தாள், விரலால் தொட்டு முகர்ந்தாள், உள்ளே போய்விட்டாள்.

எண்ணெயை மறிக்கும் கம்பளி வளையம் தேய்ந்து கிடந்தது. ஆனால் அதற்காக இவ்வளவா ஒழுகும்? பெட்டியின் பக்கத்துத் திருகு மட்டத்துக்குத்தான் எண்ணெய் நிற்க வேண்டும். திருகைக் கழற்றியதும் குபுகுபுவென்று கொட்டியது. யாரோ கழுத்துவரை ஊற்றியிருக்கிறார்கள். நான் இல்லை. பின்னே யார்?

மே 11

என் பழைய கம்பளித் தொப்பியை வெட்டி வளையம் செய்து, சூடான எண்ணெயில் ஊறவைத்து மாட்டினேன். எண்ணெயை மட்டத்துக்கு வடித்தேன். பிரேக் பட்டை ஊறிப்போயிருந்தது, புதிதாக மாற்றினேன். சாயங்காலம் இழுத்துவிட்டுத் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை.

மே 12

இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பக்கிரிசாமி எழுந்து உட்கார்ந்திருக்கிறான். வண்டி என்னாச்சு என்றுதான் முதலில் கேட்டான். ஏதோ எண்ணெய் ஒழுகுது, பார்க்கிறேன் என்றேன்.

"ஒழுகுதா? கோயிலுக்குப் போறதுக்கு மூணு நாலு நாள் முன்னாடிதான் மச்சான் நான் நெறைய ஊத்தினேன். கியர் கத்திக்கிட்டே இருந்துச்சில்ல, வாய் வரைக்கும் ஊத்திட்டேன். அப்புறம் கத்துச்சா?"

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மீனாட்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கத்தல" என்றேன்.

அவனுக்குச் சந்தோஷம்.

வெளியே வந்து வெகுதூரம் நடந்தபின் மீனாட்சி பேசினாள். "அவனுக்குத் தெரிய வேண்டாங்க."

யாருக்குமே சொல்லப்போவதில்லை என்றேன். சொன்னால் அவன் காதுக்குப் போகாதா?

ஜூன் 7

பக்கிரிசாமியை இன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் சித்தப்பா ரிக்‌ஷாவோடு நின்றார். மறதிக்காரன் வண்டியில் இன்னொரு தரம் ஏற்றவேண்டாம் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னைக்கு இவர் பிரேக் போட்டுட்டுத்தான் இறங்கினார், சித்தப்பா" என்றாள் மீனாட்சி. எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். அவள் தம்பியின் கையைத் தன் தோளில் போட்டு நடத்திவந்து எங்கள் வண்டியின் பின் சீட்டில் உட்கார்த்தினாள். பிறகு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.