தங்கம் பிடிக்காத மூலை

செக்காலை,
காரைக்குடி.

அன்பு மகள் ரேணுகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், என் கழுத்துவலி, கொல்லையில் குட்டி போட்டிருக்கும் பூனை எல்லோரும் சுகம், டப்ளினில் நீயும் உன் தடுமனும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. போனில் எதைக் கேட்டாலும் ம் கொட்டுகிறேன் என்று வருத்தப்பட்டாயாம். உன்னிடம் மட்டும் இல்லையடி, பால்காரருக்கும் அதே ம்தான், துக்கம் கேட்க வந்தவர்களுக்கும் அதே ம்தான். பங்குனியில் அப்பா போனதிலிருந்து பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது, கிள்ளினால் தெரிகிறது, வலிக்கவில்லை. எதிர்வீட்டு மீனம்மாள் தினமும் சாயங்காலம் வந்து, மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது போல என் முகத்தைப் பார்க்கிறாள், இன்றைக்கும் அழவில்லை என்றதும் காபியைக் குடித்துவிட்டு ஏமாற்றத்தோடு போகிறாள். பேசத்தான் வரவில்லை, எழுதினால் வருகிறது, அதனால் இந்தக் கடிதம், கூடவே உன் கல்யாணப் பத்திரிகை ஒன்றும் வைத்திருக்கிறேன், கசங்காமல் எடு.

வருஷத்துக்குள் நல்லது நடந்துவிட வேண்டும் என்று வருகிற தையில் கல்யாணத்துக்கு நாள் குறித்தபோதே, நீ விட்டுப்போன லேமினேஷன் மெஷினில் பத்திரிகையை நானே செய்கிறேன் என்று சொன்னேன் அல்லவா, மனசு சும்மா கிடந்தாலும் கையாவது ஏதாவது செய்யட்டுமே என்றுதான். முதலில் வாங்கிய பிளாஸ்டிக் ஷீட் மெஷினுக்குள் போய் அப்பளமாகச் சுருண்டு வந்தது, அதையும் ஒரு நாள் முழுக்கத் தட்டையாக்கப் பார்த்த புத்திசாலி உன் அம்மா. சூடு தாங்குகிற ஷீட் தனியாக வருகிறதாம். அதை வாங்கி, ஞானசேகர் ஜெராக்ஸ் கடையில் எழுத்தையெல்லாம் கறுப்பில் அடித்து வந்தேன். மேலே ஃபாயில் என்கிற தங்க நிறத் தாளை வைத்து மெஷினுக்குள் விட்டால் சூட்டில் கறுப்பு இளகி, எழுத்து இருக்கிற இடத்தில் மட்டும் தங்கம் ஒட்டிக்கொள்கிறது, மேல்தாளை உரித்தால் கண்ணாடி போன்ற ஷீட்டில் பொன்னெழுத்து. பின்னால் அரக்கு நிற அட்டையை வைத்துப் பார்த்தபோது, செய்தது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அழைப்பவர் என்ற இடத்தில் நீ என் பெயரைப் போட்டு அனுப்பியிருந்தாய். உன் சித்தப்பா வீரையா பார்த்துவிட்டு, "தப்பா நினைக்காதீக மதினி, ஜோடியா இருக்கவுக பேரு போடுறதுதான் முறை, எங்க ரெண்டு பேரு பேரையும் போட்டுருங்க" என்றார். சரி என்றேன். அப்பா பெயருக்கு முன்னால் அமரர் என்று சேர்த்தபோதும் சரி என்றவள்தானே. ஆக, அமரர் சேவுகப்பெருமாளின் மகளை வீரையாவும் செந்தாமரையும் கட்டிக்கொடுக்கிறார்கள், பத்திரிகையில் எங்கே தேடினாலும் நான் இல்லை. உன்னைப் பெற்ற அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதது மாதிரி இருந்தது.

கறுப்பில் அடித்த ஷீட்டுகளை மேசையில் பரப்பிவிட்டுக் குளிக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து உன் அத்தை சோணையம்மாள் குன்றக்குடியில் சாமி கும்பிட்டுவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறாள். எல்லாம் கறுப்பெழுத்தாக இருக்கவும், அதுதான் முடிந்துபோன பத்திரிகை என்று நினைத்து, "ஆத்தாடி, கல்யாணப் பத்திரிகைய கருமாதிப் பத்திரிகை மாதிரியில்ல அடிச்சு வச்சிருக்கா" என்று பதறி, மஞ்சளைக் குழைத்து ஒவ்வொரு ஷீட்டுக்கும் நாலு மூலையிலும் தடவிவிட்டாள். தடவினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தாள். நான் வந்து நின்றபோது ஃபேனைப் போட்டுக் காயவைத்துக்கொண்டு, "இப்பப் பாரு, மங்களமா இருக்கா இல்லையா" என்றாள். ம் என்றேன். இதில் தங்கம் பிடிக்குமா என்று ஒன்றை மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் பிடித்தது, மூலைகளில்தான் பிடிக்கவில்லை. மூன்று மூலையில் வெறும் கொடியும் பூவும், கவலையில்லை. வலது கீழ் மூலையில்தான் உன் சித்தப்பாவும் சித்தியும் இருந்தார்கள். மஞ்சள் உதிர்ந்ததும் இரண்டு பெயரும் கன்னங்கரேல் என்று நின்றன. கண்ணாடி போடாத உன் அத்தை, மினுமினுப்பை மட்டும் பார்த்து மகிழ்ந்துபோய், தம்பியிடம் காட்டுகிறேன் என்று அதையே கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலமே சித்தப்பா வந்துவிட்டார். "என்ன மதினி இது, அண்ணன் பேரக்கூடத் தங்கத்துல போட்டுட்டு எங்களக் கறுப்புல போட்டிருக்கீக, நாங்க உசுரோடதான இருக்கோம்?" என்று சத்தம். செந்தாமரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் படபடங்குதுக்கா" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் அவர், "எங்க பேரே வேணாம் சாமி, ஒங்க பேரையே போட்டுக்கங்க" என்று ஷீட்டை மேசையில் போட்டார்.

இனி எழுதுவது உனக்கு மட்டும். ஈரப் பஞ்சால் மிச்ச மஞ்சளைத் துடைத்துவிட்டு ஃபாயிலை வைத்து இன்னொரு தடவை ஓட்டினால் அந்த இரண்டு பெயரும் பொன்னாகிவிடும். அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு அது தெரியும். சொல்ல வாய் திறக்கவில்லை. துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள், போகும்போது செந்தாமரை என் தோளைத் தட்டிக்கொடுத்தாள், பாவம்.

மறுநாள் நீ முதலில் அனுப்பிய மாதிரியையே ஞானசேகரிடம் கொடுத்து அடித்து வந்தேன். ஓட்டி உரித்துப் பார்த்தேன், கல்யாணசுந்தரி சேவுகப்பெருமாள் என்று இருந்தது. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. குறுகுறுப்பாவது வரும் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த ஷீட்டை எடுத்தேன். எல்லாம் முடித்தாயிற்று. பிள்ளையார்பட்டியில் ஒன்றை வைத்துக் கும்பிட்டுவிட்டு, அடுத்ததைத் தாம்பாளத்தில் பழம் வெற்றிலையோடு சித்தப்பா வீட்டுக்குத்தான் கொண்டுபோகப் போகிறேன். தாரை வார்ப்பது அவர்கள் இரண்டு பேரும்தான், அதில் மாற்றம் இல்லை. அழைக்கிற பெயர் மட்டும் என்னுடையது.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியில்லாமல் நிறைவாக வாழக் கற்பக விநாயகர் துணையிருக்கட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ, ராத்திரி ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுப் படுக்காதே. முக்கியமாக ஒன்று, கோபம் ஆறியதும் சித்தப்பா உனக்குப் போன் செய்து, "பழையபடி எங்க பேரையே போடச் சொல்லுத்தா, அதச் சரிபண்ண முடியாதாமா" என்று கேட்பார். முடியாதாம் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
கல்யாணசுந்தரி