பதினோரு செல்லோக்கள்

என் அன்பே,

நேற்றுக் கச்சேரி நல்லபடியாக முடிந்தது. இசைக்குழுவின் செல்லோக் கலைஞர்கள் பன்னிரண்டு பேர் மட்டும் வாசிக்கிறார்கள் என்று டிரெஸ்டன் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். மேடையில் பதினோரு பேர்தான் இருந்தோம்.

என் பக்கத்து நாற்காலி வோல்ஃப்ராமுடையது. மேலாளர் கெஸ்டிங் அதைத் தூக்கிக்கொண்டு போனார். "அவருக்கு உடம்பு சரியில்ல. நெருக்கி உக்காருங்க, யாருக்கும் தெரியாது" என்றார். உள்ளறையில் வோல்ஃப்ராமின் செல்லோப் பெட்டி திறந்து கிடந்தது. அதன் வெல்வெட் துணியை யாரோ பிளேடால் கிழித்திருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும்தான். அவன் தனியாக வாசிக்க வேண்டிய இடத்தை நான் வாசித்தேன், கைதட்டினார்கள்.

பிறகு ஒருவர் பூங்கொத்தோடு வந்தார்.

"பிரமாதம்மா. வீட்டுக்காரரும் அன்னெலியும் இன்னும் புடாபெஸ்ட்லதானா? எப்பத் திரும்புறாங்க?"

அவரை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. "பொண்ணுக்குக் காய்ச்சல், வர நாளாகும்" என்றேன்.

ஆகவே நம் மகளுக்குக் காய்ச்சல். யார் கேட்டாலும் அதையே சொல். ஊர் திரும்ப எடுத்த ரயில் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. எல்லைக்கு அப்பால் மேற்கே இருந்து உன் அக்கா வெகுநாளாகக் கூப்பிடுகிறாளே, அந்த வழியை யோசி. எனக்காகக் காத்திருக்க வேண்டாம். இதைக் கொண்டுவருபவரிடம் எதுவும் கேட்காதே.

நாளை காலை என்னைத் தன் அலுவலகத்துக்குப் பேச வரச்சொல்லியிருக்கிறார் அந்தப் பூங்கொத்து மனிதர். ஒத்திகை இருக்கிறது, செல்லோவோடு வந்து அப்படியே போய்விடட்டுமா என்று கேட்டேன்.

"செல்லோ எதுக்கும்மா? கம்பளிச் சட்டை ஒண்ணு எடுத்துக்கோங்க" என்றார்.

இருவருக்கும் முத்தங்களுடன்,
உன் மனைவி