ஏழு சுற்று வெள்ளை டேப்

16.4.97, புதன்
காலையிலேயே வெயில் கொளுத்தல். இரண்டு வருஷமாக ஷெட்டில் கிடந்த ஜீப்பை எடுத்தேன். விற்றுத் தொலைக்கச் சொல்லி மனைவி சரோஜா நச்சரிப்பு. பேட்டரி மாற்றம், புது பெட்ரோல், பிளக் துடைப்பு. ஸ்டார்ட் ஆனதும் நெஞ்சு நிமிர்ந்தது. நான் வெறும் பம்புசெட் ஃபிட்டர். ஜீப்பில் கேள்வி ஞானம்தான்.

மகள் கவிதாவோடு ஆனைகட்டி ரோட்டில் ஓர் ஓட்டம். மேட்டில் திக்கல், இழுவை இல்லை, அப்புறம் நின்றே விட்டது. பானெட்டைத் தூக்கினேன். அவள் ரேடியேட்டர் மூடியில் கை வைத்தாள்.

"முள்ளு C-ல தானுங்கப்பா இருக்குது. தண்ணி ஊத்தலாம்."

கையைத் தட்டிவிட்டேன். பலமாகவே பட்டிருக்கும். மூடிக்குள் கொதிக்கிற சத்தம். சூடு காட்டும் முள் மட்டும் H பக்கம் ஏறாமல் C-யில், ஜில்லென்று, தூங்கிக்கொண்டு.

இதையேதான் மச்சானும் சொன்னார்.

17, வியாழன்
மேகமூட்டம். வேலைக்குப் போனேன். பம்பு டெஸ்டில் பிரஷர் முள்ளைப் பார்க்கவே முடியவில்லை. எல்லா முள்ளும் என்னையே பார்க்கிறது.

மச்சான், சரோஜாவின் அண்ணன். லாரி டிரைவராக இருந்தவர். இரண்டு வருஷம் முன்பு இதே ஜீப்பை இரவல் வாங்கிக்கொண்டு போய், இதே ரோட்டில் நின்று, மூடியைத் திறந்தார். கொதிதண்ணீர் முகத்தில். வலது கண் போச்சு. லாரியும் போச்சு. இப்போது சோமனூரில் தறிக் குடோன் வாட்ச்மேன். "முள்ளு C-ல தான் மாப்ள இருந்துச்சு" என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னார். ஒருத்தரும் நம்பவில்லை.

நான் ஜோக் பண்ணினேன். எல்லா விசேஷத்திலும் அதே ஜோக். "எங்க மச்சானுக்கு C-யும் H-ம் ஒண்ணுதானுங்க. பள்ளிக்கூடத்துப் பக்கம் போயிருந்தாத்தானே!" பந்தியே சிரிக்கும். அவரும் சிரிப்பார், ஒரு கண்ணால். (நான் எட்டாவது ஃபெயில்.)

19, சனி
மத்தியானம் தூறல். சோதனை:
1. ரேடியேட்டர் பாதி அடைப்பு. அலசியாச்சு. சூட்டில்தான் திக்கியிருக்கிறது.
2. சாவியைப் போட்டு, சென்சார் வயரை என்ஜின் இரும்பில் தொட்டேன். முள் H-க்குத் துள்ளியது. ஆக முள் சரி, வயர் சரி.
3. சென்சாரைக் கழற்றினேன். மரையில் வெள்ளை டேப், தண்ணீர் கசியாமல் இருக்க பம்பு மரையில் சுற்றுவது.

கவிதா பாலிடெக்னிக். "சென்சாரு இரும்போட ஒட்டினாத்தானுங்கப்பா கரண்டு பாயும். டேப்பு நடுவுல மறிச்சுக்குது. எந்த மடையன் சுத்துனானுங்க?"

எண்ணிப் பார்த்தேன். ஏழு சுற்று. முனையில் நகத்தால் ஓர் அமுக்கு. நான் மாட்டிய பம்பு எதுவும் சொட்டியதில்லை. ஜீப்பும் சொட்டவில்லை. மச்சானிடம் சாவி கொடுத்ததற்கு முந்தின வாரம் நானே சுற்றியது.

உரித்துவிட்டு மாட்டினேன். ஓட்டினேன். ஏறாதே ஏறாதே என்று முள்ளிடம் கெஞ்சினேன். ஏறாவிட்டால் தப்பு என்மேல் இல்லை. ஏறியது.

20, ஞாயிறு
வெயில். தோசைக்கல் முன்னால் சரோஜா. "ஏனுங்க, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி? நாலு நாளா ஒரு சிரிப்பாணியக் காணம்."

சொன்னேன். தோசை கருகியது.

"எங்கண்ணன் சொன்னப்ப நானும் நம்புலீங்களே."

கருகினதைச் சுரண்டிப் போட்டுவிட்டு அடுத்த தோசை ஊற்றினாள். திட்டியிருக்கலாம்.

22, செவ்வாய்
பஸ்ஸில் சோமனூர். ஜீப்பை எடுக்கத் தைரியம் இல்லை. மச்சான் குடோன் வாசலில் ஸ்டூலில். டேப் துண்டைக் கையில் வைத்துச் சொன்னேன். தறிச் சத்தத்தில் இரண்டு தரம் கத்த வேண்டியிருந்தது. டேப்பை நல்ல கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப முள்ளு C-ல தான் இருந்துச்சு."

"ஆமாங்க மச்சான்."

"நாந்தான் தப்பாப் பாத்துப்போட்டனோன்னு எனக்கே ஆயிருச்சுங்க மாப்ள."

பஸ் ஏற்றிவிட வந்தார். டேப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"வெள்ளிக்கெழம பெரியப்பன் பேரன் கல்யாணம். பந்தியில அந்தக் கதைய எப்பவும் போலச் சொல்லுங்க. மிச்சத்தையும் சேத்து."

25, வெள்ளி
காற்று. மண்டபம். முதல் பந்தி. எதிர் இலையில் மச்சான். பக்கத்து இலைக்காரர் ஆரம்பித்துவிட்டார். "ஏனுங்க, அந்த C, H கதைய எடுத்து உடுங்க!"

எழுந்து நின்றேன். பாதிவரை சிரித்தார்கள். டேப்பை எடுத்துக் காட்டினேன். மீதியைச் சொன்னேன். சாம்பார் வாளிக்காரன் அப்படியே நின்றான்.

மச்சான் நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"இன்னுங் கொஞ்சம் சத்தமா, மாப்ள. கடைசி எலைக்குக் கேக்குலியாம்."