பின்பக்கம் பதிந்த கார்

சாய்ந்தமருது
05.11.2008

அன்பு மகன் ஸமட்டுக்கு உம்மா ஹப்ஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கு நோய் நொடி அணுகக்கூடாது என்று ஐந்து நேரமும் துஆச் செய்கிறேன். இங்கே நானும் தம்பி நிஸாமும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீ கேட்கும்போதெல்லாம் ஒன்றுமில்லை என்றேனே, அது பொய் மகன். இதைப் போனில் கதைக்கப் பயம், யார் கேட்கிறார்களோ தெரியாது. அதனால்தான் லீவு முடிந்து நீ இருக்கும் கத்தாருக்குத் திரும்பும் கலந்தரிடம் கொடுத்து விடுகிறேன். வாசித்ததும் கிழித்துப்போடு.

காரைத் தாழ்த்திப் பதிக்க ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டினால் போதும், கத்தாரில் எல்லாரும் அப்படித்தான் ஓடுகிறார்கள் என்று தம்பிக்குச் சொன்னாயாம். அங்கே வெடிகுண்டுக்குப் பயமில்லை, எப்படியும் ஓடலாம். அவன் வேலை பழகுகிற காரைதீவு வேலப்போடியின் கராஜில், அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கிரைண்டரை எடுத்துப் பின்பக்க ஸ்பிரிங் இரண்டையும் வெட்டியிருக்கிறான். முன்பக்கத்தை மறுநாள் வெட்டலாம் என்று விட்டுவிட்டான். முகம் நிமிர்ந்து பின்பக்கம் தரையில் குந்தின காரை ஓட்டிக்கொண்டு கல்முனைக்குப் போயிருக்கிறான் உன் அருமைத் தம்பி. ஆமிச் சாவடியில் மறித்து டிக்கியில் என்ன பாரம் என்று கேட்டார்களாம். இவன் ஒன்றுமில்லை என்றானாம். திறந்து பார்த்தார்கள், உண்மையாகவே ஒன்றுமில்லை. அதுதான் வினையாய்ப் போனது. வெறும் கார் ஏன் இப்படிக் குந்த வேண்டும், சீற்றுக்குள் என்னத்தை ஒளித்திருக்கிறாய் என்று காரையும் அவனையும் ஆமிக் காம்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கார் உன் பேரில் இருப்பதால் நீ எங்கே, என்ன வேலை என்பதையும் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு மத்தியானம் லுஹர் தொழுகை நேரத்தில்தான் செய்தி வந்தது. சுனாமியில் கடல் வந்தபோது உன் வாப்பா ஆதம்பாவாவைத் தேடி மூன்று நாள் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று அலைந்து, மையித்துகளின் முகத்தை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தவள் நான். இன்னொருவனைத் தேடி அலைய என் காலில் வலு இல்லை. வேலப்போடியிடம் ஓடினேன். அவர் ஒரு தமிழர், இந்த யுத்தக் காலத்தில் தானாகக் காம்புக்குள் கால் வைக்கத் தமிழர் யார் துணிவார்? அவரோ வெட்டின துண்டுகள் எங்கே என்று கேட்டார். இரும்பு வளையம் மாதிரி இருக்கிறதே, சோற்றுச்சட்டி வைக்க உதவும் என்று நிஸாம் கொண்டுவந்ததை நான் குசினியில் வைத்திருந்தேன். கரி பிடித்த அந்த இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு போனோம்.

காம்பில் வேலப்போடி காரின் சில்லைக் கழற்றி, துண்டை ஸ்பிரிங்கின் வெட்டுவாயில் பொருத்திக் காட்டினார். சிங்களத்தில் விளக்கினதைப் பிறகு எனக்கும் சொன்னார். காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்தான், அதைக் குறைத்தால் பாரம் இல்லாமலே கார் பதியும். சொக் அப்சோபர் தாங்குகிற சாமான் இல்லை, ஸ்பிரிங் துள்ளுகிறபோது அடக்குகிற சாமான். அங்கே இருந்த ஆமிப் பெரியவர் நம்பினார். ஆனால் இதைச் செய்தது யார் என்று கேட்டார். நிஸாம் வாய் திறக்கப் போனான். வேலப்போடி முந்திக்கொண்டு, “என்ட கராஜ், என்ட கிரைண்டர். பிழை என்ட” என்றார். நிஸாமை விட்டார்கள். கார் அங்கேதான் நிற்கிறது. பின்பக்கம் பழையபடி எழும்பும்வரை வெள்ளிக்கு வெள்ளி வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்று வேலப்போடியின் பேரை எழுதிக்கொண்டார்கள். என் மகனுடைய பேர் இருக்க வேண்டிய இடம் அது.

நாலு வெள்ளி போய்விட்டது. போன வெள்ளி காலையில் போனவர் பொழுது பட்டு மஃரிப் ஆகியும் வரவில்லை. அவர் மனைவி செல்லத்தங்கம் இங்கே வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகுதான் அவர் வந்தார்.

வெட்டினதும் கார் துள்ளுகிறது என்று தம்பி உன்னிடம் சொன்னதற்குக் குட்டைச் சொக் அப்சோபர் வாங்கி வைத்திருக்கிறாயாமே, அதை அனுப்பாதே. அது துள்ளலைத்தான் அடக்கும், காரை எழுப்பாது. பின்பக்கத்துக்கு வெட்டாத முழு ஸ்பிரிங் ஒரு சோடி வேண்டும். இங்கே தேடாத கடை இல்லை, கொழும்புக்கு நிஸாமை அனுப்ப எனக்குத் துணிவில்லை. கலந்தரின் மச்சான் இருபதாம் திகதி ஊருக்கு வருகிறாராம், அவரிடம் கொடுத்துவிடு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவேன் என்றாய், வராதே மகன். உன்னைக் காணக் கண் பூத்துப்போய்த்தான் இருக்கிறேன், ஆனாலும் கார் வெளியே வரும்வரை வராதே.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான றிஸ்க்கையும் பிழைப்பையும் தரட்டும். சுபஹுத் தொழுகையைத் தவறவிடாதே, வேலப்போடிக்காகவும் துஆக் கேள்.

உன் நினைவாகவே இருக்கும் உம்மா,
ஆ. ஹப்ஸா

மறந்துவிடாதே: சரியான ஸ்பிரிங் எடுக்க, காரின் செசி நம்பரை இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். உறைக்குள்ளே இருக்கும் நூல் வேலப்போடி அளந்தது. தரையிலிருந்து முடிச்சுவரை கார் இப்போது நிற்கிற உயரம், நுனிவரை நிற்க வேண்டிய உயரம். இடையில் இருப்பது நாலு விரல். அந்த நாலு விரலுக்காகத்தான் அந்த மனிசன் நாளை மறுநாளும் போகிறார்.