போடாத ஊசிக்கு இட்ட சரிக்குறி

அனுப்புநர்:
காலர் தைப்பவர்,
மூன்றாம் வரிசை, ஆயத்த ஆடைத் தொழிற்சாலை.

பெறுநர்:
மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்கள்,
மாவட்டச் சுகாதார அலுவலகம்.

பொருள்: எங்கள் தொழிற்சாலையின் ருபெல்லா தடுப்பூசிப் பட்டியலை ரத்து செய்து, விடுபட்டவர்களுக்கு உடனே ஊசி போடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு ஏழு மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். பிறக்கும்போதே இரண்டு கண்ணிலும் புரை. காது கேட்கவில்லை, பக்கத்தில் குக்கர் விசில் அடித்தாலும் அவள் பாட்டுக்குத் தூங்குவாள். கர்ப்பத்தில் எனக்கு வந்த ருபெல்லா அம்மைதான் காரணம் என்று, குழந்தையின் இரத்தத்தைப் பரிசோதித்துக் கண் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். தங்கள் அலுவலகமோ, "தாய்க்குத் தடுப்பூசி போடப்பட்டுள்ளதால் ஏற்க இயலாது" என்று அந்தத் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டது.

2. எனக்கு ஊசி போடப்படவில்லை. தொழிற்சாலையில் தடுப்பூசி முகாம் நடந்த 9.2.2022 அன்று காலை, நான் பதிவு அலுவலகத்தில் என் திருமணப் பதிவேட்டில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தேன். அன்று என் கை என் கணவரின் கையில் இருந்தது. திருமணச் சான்றிதழையும், மேற்பார்வையாளரே கையொப்பமிட்ட விடுப்புச் சீட்டையும் இணைத்துள்ளேன். அரசிடம் உள்ள இரண்டு பதிவேடுகளில் ஒன்று பொய் சொல்கிறது. எது என்று தாங்களே முடிவு செய்யலாம்.

3. நடந்ததை உடன் தைக்கும் பெண்கள் சொன்னார்கள். நாங்கள் அறுபத்தொரு பேர். இருபது பேருக்கு ஊசி போட்டதும் மேற்பார்வையாளர் செவிலியரிடம், "மெஷினை இதுக்கு மேல நிறுத்த முடியாதுக்கா. எல்லாருக்கும் டிக் போட்டுட்டுப் போங்க, மீதிப் பேருக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றிருக்கிறார். அந்த 'அப்புறம்' இன்றுவரை வரவில்லை.

4. இரண்டாம் மாதக் கர்ப்பத்தில் எனக்குக் காய்ச்சலும் உடலெல்லாம் சிவப்புத் தடிப்பும் வந்தன. சுகாதார நிலையத்தில் கணினியைப் பார்த்துவிட்டு, "ஊசிதான் போட்டிருக்கீங்களே, இது வேர்க்குரும்மா, பவுடர் போடுங்க" என்றார்கள். நானும் போட்டேன்.

5. தங்கள் அலுவலக எழுத்தர், "எழுதினா எழுதினதுதாம்மா. ஊசி உங்க உடம்புல பிடிக்கலன்னு எழுதிக் குடுங்க, ஃபைலை முடிச்சிடலாம்" என்று யோசனை சொன்னார். எழுதிக் கொடுக்க மாட்டேன். போடாத ஊசி எப்படிப் பிடிக்கும்? என் உடம்பின் மேல் பழியைப் போட்டு இந்தக் கோப்பை மூட விடமாட்டேன்.

6. பட்டியலில் நான் 27. என் தங்கை 28. அதே வரிசையில் பொத்தான் தைப்பவள். அன்று பதிவு அலுவலகத்தில் என் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். அவளுக்கும் ஊசி போட்டதாகக் குறித்திருக்கிறார்கள். அவளுக்கு இரண்டு மாதத்தில் திருமணம். கர்ப்பமான பின் இந்த ஊசியைப் போடக்கூடாது. குறைந்தது ஒரு மாதம் முன்பே போட வேண்டும். ஊசி கேட்டுச் சுகாதார நிலையத்துக்குப் போனவளை, "உனக்குத்தான் போட்டாச்சே" என்று மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

7. எனக்கு இனி அந்த ஊசி தேவையில்லை. நோயே வந்து போய்விட்டது. என் மகளுக்குப் போனதையும் எந்த ஊசியும் திருப்பித் தராது. மீதி நாற்பது பேருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆகவே அந்தப் பட்டியலை ரத்து செய்து, பதினைந்து நாட்களுக்குள் அவர்களைப் பரிசோதித்து ஊசி போட ஆணையிடக் கேட்டுக்கொள்கிறேன். தவறினால், பதினாறாம் நாள் நாற்பது பேரும் மெஷினை நிறுத்திவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தங்கள் அறை வாசலுக்கு வருவார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் வருவேன்.

பட்டியலில் என் பெயருக்கு நேரே உள்ள சரிக்குறி வேறொருவர் இட்டது. கீழே உள்ள கையெழுத்து நான் இட்டது.

நாள்: 18.7.2023
இடம்: தொழிலாளர் குடியிருப்பு

(கையொப்பம்)
பட்டியல் எண் 27

சாட்சி:
(கையொப்பம்)
பட்டியல் எண் 28