படுக்கத் தெரிந்த லாரி

மார்ச் 4
பட்டறைக் கணக்குக்கு வாங்கிய நோட்டில் சொந்தக் கதை எழுதுகிறேன். மன்னிக்கவும், நோட்டே. வேறு யாரிடமும் எனக்குப் பேச வராது.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். இயந்திரவியல். வேலை, சித்தப்பாவின் வண்டிப் பட்டறையில் பில் எழுதுவது. “கிரீஸ் படாம உட்காரத்தானே படிக்க வச்சோம்” என்பார் சித்தப்பா. ஃபேனுக்கு நேர் கீழே என் நாற்காலி. அம்மாவுக்கு அதில் ஏகப் பெருமை.

சோபா வியாபாரியின் லாரியை மாற்றியமைக்கும் வேலை இன்று முடிந்தது. ஸ்பிரிங் இருந்த இடத்தில் காற்றுப் பைகள். காற்றை இறக்கினால் மொத்த வண்டியும் எருமை மாதிரி தரையில் படுத்துக்கொள்கிறது. சனிக்கிழமை இப்படி மாற்றிய வண்டிகளுக்குக் கண்காட்சி, நன்றாகப் படுக்கும் வண்டிக்குப் பரிசு. சித்தப்பாவே ஓட்டிப்போகிறார்.

மார்ச் 5
சித்தப்பா சோதித்தார். வண்டியைத் தூக்கி நிறுத்தி, டயர் எங்காவது இடிக்கிறதா என்று ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினார். இடிக்கவில்லை. சக்கரத்தை நேராக வைத்துக் காற்றை இறக்கினார். இடிக்கவில்லை. இறக்கி வைத்து ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்க்கவேயில்லை!

“சித்தப்பா” என்றேன்.

“என்னம்மா?”

“டீ சொல்லட்டுமா?”

டீ வந்தது. நானெல்லாம் ஒரு ஆள்.

மார்ச் 6
சாப்பாட்டு நேரம், பட்டறை காலி. ஆணியில் தொங்கிய சித்தப்பாவின் ஓவராலை மாட்டினேன். உள்ளே இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது. அம்மா பிசைந்த மாவிலிருந்து கிள்ளி வந்ததை, முன் சக்கரங்களை இணைக்கும் கம்பியின் மேல் ஓர் உருண்டையும் பிரேக்கின் ரப்பர்க் குழாயான ஹோஸின் மேல் ஓர் உருண்டையுமாக ஒட்டினேன். ஏறி உட்கார்ந்து, காற்றை இறக்கி, ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பினேன். பிறகு வண்டியை மறுபடி தூக்கி, கீழே ஸ்டாண்டு வைத்துக் குனிந்து பார்த்தேன்.

கம்பியின் மேல் மாவு அப்பளமாகியிருந்தது. மேலே உள்ள அடிச்சட்டத்தின் போல்ட் தலைகூட அதில் அச்சாக விழுந்திருந்தது. ஹோஸில் வைத்த மாவைக் காணோம். டயரில் இழுபட்டிருந்தது.

பின்னால் சித்தப்பா. “லாரிக்கு சோறு ஊட்டுறியா?”

பயத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது. “வளைவுல போறப்ப பை வெடிச்சா வண்டி படுத்துரும் சித்தப்பா. ஸ்டீயரிங் முட்டி நின்னுரும். டயர் பிரேக் ஹோஸைத் தின்னுரும். உள்ள நீங்க இருப்பீங்க.”

சித்தப்பா வண்டிக்கு அடியில் போனார். வெளியே வந்தபோது மீசையில் மாவு. சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அப்படியே ஊரெல்லாம் சுற்றினார்.

மார்ச் 7
கொஞ்சம் நீளமான ஹோஸ் போட்டு, டயருக்கு எட்டாதபடி கிளாம்பில் பிடித்தாயிற்று. இரும்பும் இரும்பும் முட்டுமுன் தாங்கிக்கொள்ள ரப்பர் கட்டைகள். அதனால் லாரி இனி தரையைத் தொடாது. தீப்பெட்டி உயரத்துக்கு இடைவெளி.

சோபா வியாபாரி வெள்ளைச் சட்டையோடு தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். “படுக்கலையே?”

“படுத்தா எந்திரிக்கணும்ல சார்” என்றார் சித்தப்பா. இது யார் யோசனை என்று கேட்டதற்கு என்னை நோக்கி மோவாயைக் காட்டினார். நான் அவசரமாக பில்லில் எதையோ கூட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8
பரிசு இல்லை. தரையோடு தரையாகப் படுத்த வேறொரு வண்டிக்குப் போயிற்று. படுத்த நிலையிலேயே யாரோ ஸ்டீயரிங்கைத் திருப்ப, ஏதோ மாட்டிக்கொண்டு, அந்த வண்டி பரிசுக் கோப்பையோடு கிரேனில் தொங்கியபடி வீடு போனதாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார் சித்தப்பா.

மார்ச் 10
புது வண்டி வந்திருக்கிறது. சித்தப்பா என் மேசைக்கு வந்து, ரொம்பச் சாதாரணமாக, மாவு இருக்கிறதா என்று கேட்டார். பேனாவை மூடினேன்.

“சித்தப்பா.”

“டீயா?”

“இல்ல. பில் எழுத வேற ஆள் பாருங்க. எனக்கு ஒரு ஓவரால் வேணும். என் அளவுல.”