ஒரு வருஷ கேரண்டி

14.11.1998, சனிக்கிழமை

தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போன பிறகு, இவர் லேப்டாப்பில் தட்டித்தான் என்னோடு பேசுகிறார். அண்ணன் கொடுத்த அந்தப் பழைய லேப்டாப் போன வாரம் அடியோடு நின்றுவிட்டது. வேறொன்று வாங்க இன்று இருவரும் தி.நகர் போனோம். புதியது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கடைக்காரர் பழையதிலேயே இரண்டை எடுத்து வைத்தார்.

"இது வெல கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா ஒரு வருஷம் கேரண்டி கீதும்மா. அதுக்கு மூணு மாசம்தான்."

விலை குறைந்ததை இவர் தன் பக்கம் இழுத்தார். ஏதோ தட்டிவிட்டுத் திரையை என்னிடம் திருப்பினார். 'மூணு மாசம் போதும் சாரு' என்று ஆங்கில எழுத்தில் இருந்தது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை நான் இவரிடம் சொல்லவே இல்லை.

"இன்னாம்மா, எதை பேக் பண்ணட்டும்?"

ஒரு வருஷம் உள்ளதைக் காட்டினேன்.

ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். திறக்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான் திறந்து, 'ரசத்துல உப்பு கம்மி' என்று தட்டினார். எழுந்து போய் உப்பு எடுத்து வந்தேன்.